வாசனை ஒன்றும் இல்லை

எங்கள் வீட்டில் எதற்கும் கடைசித் தீர்ப்பு என் மூக்குதான். பால் திரிந்துவிட்டதா, நெய்யில் சிக்கு வாடை வருகிறதா, காஸ் கசிகிறதா, நேற்றைய புளியோதரையை இன்றைக்குச் சாப்பிடலாமா என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் வசந்தி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் ஒரு முறை முகர்ந்துவிட்டுச் சொல்வேன். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எதிர் ஃப்ளாட் மிசஸ் தத்தாகூட கரியாஹாட் மார்க்கெட்டில் வாங்கிய நெய் அசல்தானா என்று கேட்க டப்பாவோடு வந்து நிற்பார். கல்கத்தாவில், டல்ஹௌசியில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷமாக நான் டீ டேஸ்டர். மூக்கை வைத்துக் குடும்பம் நடத்துகிறவன் அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டால் என்ன தப்பு?

அந்த மூக்கு செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. போனதற்கு முந்தின தீபாவளி சமயம், காளி பூஜை முடிந்த கையோடு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் போயிற்று, போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் ஜலதோஷம் என்று நினைத்தேன். பிறகு திரும்பி வரும் என்று நினைத்தேன். ஒரு நாள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். வெறும் தூள்தான் மூக்கில் ஏறியது. அன்றைக்குத் தும்மித் தும்மி அழுதேன்.

யாரிடமும் சொல்லவில்லை, பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண் சஹானாவிடம்கூட. ஆபீசில் சொன்னால் வேலை போய்விடும், ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மூக்கு இல்லாத ரங்கராஜன் யார் என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே நடிக்க ஆரம்பித்தேன். ஆபீசில் வரிசையாகக் கோப்பைகளை வைத்துவிட்டுப் போவார்கள். துவர்ப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரியும். இலையின் நிறமும் சாயமும் கண்ணுக்குத் தெரியும். மீதிக்கு, பக்கத்தில் நின்று சுவைக்கும் மதுமிதா சென் முகத்தைப் பார்ப்பேன். அடுப்பில் அதிகம் வாட்டிக் கருகிய இலையென்றால் அவள் இடது புருவம் லேசாக ஏறும். உடனே நான் முந்திக்கொண்டு, "கருகல்" என்று சொல்லி எழுதச் சொல்வேன். "உங்களை யாரும் மிஞ்ச முடியாது" என்பாள் அவள். வெட்கமில்லாமல் தலையை ஆட்டிக்கொள்வேன்.

வீட்டில் இன்னும் சுலபம். எதைக் கொடுத்தாலும் "நன்னா இருக்கு" என்றுவிட்டால் முடிந்தது. பால் மட்டும் இரண்டு முறை காலை வாரியது.

கார் விஷயம் டிசம்பரில் தொடங்கியது. எங்களுடையது எட்டு வருஷத்துப் பழைய சிவப்புக் கார். நான் மெட்ரோவில் போகிறவன். எனக்கு லைசன்ஸ் உண்டு, தைரியம் கிடையாது. வசந்திதான் அதை ஓட்டிக்கொண்டு அலிப்பூரில் இருக்கும் அவளுடைய ஆபீசுக்குப் போய்வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கரியாஹாட் போய்க்கொண்டிருந்தோம். சிக்னலில் வண்டிகள் நகரவே இல்லை. வசந்தி திடீரென்று மூக்கைச் சுளித்தாள்.

"ஏன்னா, ஏதோ கருகற வாசனை வரதே. நம்ம இன்ஜின்லேர்ந்தா?"

நான் ஆழ்ந்து இழுத்தேன். காற்று உள்ளே போய் வெளியே வந்தது. "இருக்கு" என்றால் என்ன மாதிரி வாசனை, எங்கிருந்து வருகிறது என்று கேள்விமேல் கேள்வி வரும். "இல்லை" என்றால் பேச்சு அத்தோடு முடியும்.

"நம்மளோடது இல்லை. வெளியில யாரோ குப்பையை எரிக்கறான்."

"ஓ" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். குளிர்காலக் கல்கத்தாவில் யாராவது எதையாவது எரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த வசதியில் இன்னும் இரண்டு முறை தப்பித்தேன்.

நாலாவது முறை அவள் கேட்கவில்லை. நேரே மெக்கானிக் நிமாய் மண்டலிடம் வண்டியை விட்டாள். நானும் பக்கத்து சீட்டில் இருந்தேன். காளிகாட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நிமாயின் ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப் என்பது ஒரு தகரக் கூரையும் இரண்டு வண்டி நிற்கிற இடமும்தான். வசந்தியை அவர் பௌதி என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவார், என்னை ரங்கா அண்ணா என்கிற மாதிரி ரங்கா-தா. பேசுவதெல்லாம் பெங்காலியில்தான்.

நிமாய் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வசந்தியைக் கேட்டார். "வாசனை எப்படின்னு சொல்லுங்க பௌதி, வியாதி என்னன்னு நான் சொல்றேன். பாகு அடிப்பிடிச்ச மாதிரி இனிப்பா வந்தா கூலன்ட் ஒழுகுது. காகிதம் கருகற மாதிரின்னா கிளட்ச். ரப்பர்னா பெல்ட். கடாயில எண்ணெய் தீயற மாதிரின்னா இன்ஜின் ஆயில் சூடான இடத்துல சொட்டுது. பிளாஸ்டிக்னா வயரிங்."

"எப்பவும் வரதில்லை. ரொம்ப நேரம் ஜாம்ல நின்னா வரது. எனக்கு என்னமோ பழைய சுவிட்ச் போர்டு கருகற மாதிரி..." என்று ஆரம்பித்த வசந்தி, பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நிமாயும் என்னைப் பார்த்தார். "ரங்கா-தா இருக்கும்போது நம்ம மூக்கெல்லாம் எதுக்கு? நீங்க சொல்லுங்க."

நேற்று வரைக்கும் வாசனையே இல்லை என்று சொன்னவன் நான். அதை மெக்கானிக் முன்னால் சொன்னால் எடுபடாது. இன்ஜினைப் பார்த்தேன். மேல்மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து கறுப்பாகத் தூசி பிடித்திருந்தது. ஆபீசில் சாயத்தைப் பார்த்து இலையைச் சொல்கிறவனுக்கு இது பெரிய விஷயமா?

"இன்னிக்கு எனக்கும் லேசா தெரியறது. ஆயில்தான்" என்று பூசி மெழுகினேன்.

நிமாய் கொஞ்சம் தயங்கினார். "பௌதி சுவிட்ச் போர்டுன்னு சொல்றாங்களே?"

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன தெரியும்" என்றாள் வசந்தி.

எண்ணெய் கசிந்திருந்தது உண்மைதான். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் எட்டு வருஷத்தில் காய்ந்து அப்பளமாக ஆகியிருந்தது. நிமாய் அதை மாற்றி, சிந்திய எண்ணெயைத் துடைத்து, வண்டியைப் பத்து நிமிஷம் உறுமவிட்டுப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் வரலை" என்றார். நானும் பெரிய மனிதத் தோரணையில் பானெட் மேல் குனிந்து, "ஒண்ணும் இல்லை" என்றேன்.

மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து வந்த வசந்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். "இன்னும் வரதுன்னா."

"கேஸ்கெட் மாத்தியாச்சே."

"வரது. அதே வாசனை. நீங்க ஒரு தடவை என்னோட வாங்கோ."

போனேன். அவள் வீட்டுப் பக்கத்து ஏரியைச் சுற்றி, கரியாஹாட் ஜாமில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினாள். கண்ணாடிகளெல்லாம் ஏற்றியிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ. இப்போ. வரது பாருங்கோ."

நான் கண்ணை மூடி, கோப்பை முன்னால் நிற்கிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று முறை மூச்சை இழுத்தேன். முப்பத்திரண்டு வருஷத் தொழில், அபிநயத்தில் ஒரு குறையும் இல்லை.

"சுத்தமா இருக்கு வசந்தி. ஒண்ணுமே இல்லை."

"நிச்சயமாவா?"

"என் மூக்கு மேலேயே சந்தேகமா?" என்று சிரித்தேன். "உனக்கு மனசுல நின்னுபோச்சு. அவ்வளவுதான்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தும் வண்டியை எடுக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். குளிர் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அதுவும் பொய். எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதியில் இருந்தேன்.

அதற்குப் பிறகு வசந்தி வாசனையைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு சில காரியங்கள் செய்தாள். சமையலறையில் இருந்த எல்லா டப்பாவுக்கும் லேபிள் ஒட்டினாள். சாம்பார் பொடி, ரசப் பொடி, மிளகாய்ப் பொடி என்று கொட்டை எழுத்தில். எனக்கு மிகவும் சௌகரியமாகப் போயிற்று, ஏனென்றால் அந்த மூன்றையும் வாசனை இல்லாமல் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. ஃபில்டரில் எவ்வளவு காபிப் பொடி போட்டு எப்படி அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். போனில் காஸ் சிலிண்டர் புக் செய்வதை எனக்கு இரண்டு முறை செய்து காண்பித்து, மூன்றாவது முறை என்னையே செய்யச் சொன்னாள்.

"என்ன, தனியா எங்கேயாவது டிரான்ஸ்ஃபர் வாங்கிண்டு போறியா?" என்று சீண்டினேன்.

"எல்லாம் ஒரு ஒழுங்குக்குத்தான்" என்றாள்.

ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வண்டியின் புகைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக, கீழே நின்றிருந்த காரின் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். சான்றிதழுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. அலிப்பூரில் ஒரு நரம்பியல் டாக்டருடையது. நோயாளி பெயர் வசந்தி ரங்கராஜன், வயது ஐம்பத்து நாலு. டாக்டர்கள் எழுதுவது பொதுவாக எனக்குப் புரியாது. இந்த டாக்டருக்கு என் போதாத காலத்துக்கு அழகான கையெழுத்து.

டிசம்பர் முதல் காரில் கருகல் வாசனை வருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே: கணவர் தொழில்முறை டீ டேஸ்டர், உடன் அமர்ந்து முகர்ந்து பார்த்து, வாசனை எதுவும் இல்லை என்று உறுதி செய்திருக்கிறார். அதற்கும் கீழே: அக்காவுக்கு மூளையில் கட்டி இருந்து இறப்பு. கடைசி வரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், சனிக்கிழமை பதினொரு மணி.

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுலோசனா அக்கா. வசந்தியின் ஒரே அக்கா. சென்னையில் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் அடுப்பே எரியாத நேரத்தில், "பால் தீயறது, யாராவது பாருங்கோ" என்று சொல்ல ஆரம்பித்தாள். மூன்று மாதம் எல்லாரும் சிரித்தோம். "அக்காவுக்கு என்னைவிட நீள மூக்கு" என்று நானே போனில் ஜோக் அடித்திருக்கிறேன். ஒரு நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். தலைக்குள் கட்டி. இல்லாத வாசனையை அந்தக் கட்டிதான் காட்டியிருக்கிறது. அடுத்த வருஷம் அவள் இல்லை. கடைசி இரண்டு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் வசந்தி. இது எப்படி எனக்கு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை? எனக்கு என் மூக்கைத் தவிர வேறு நினைப்பே இல்லை, அதனால்தான்.

லேபிள்கள், காபி ஃபில்டர், காஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. செத்துப்போவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவளிடம் டிரான்ஸ்ஃபரா என்று கேட்டிருக்கிறேன்.

உடனே மாடி ஏறிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மனிதனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். நான் சீட்டைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு, நிமாய்க்குப் போன் செய்தேன். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் பயம் போய்விடும், என் ரகசியமும் தங்கிவிடும் என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது என் புத்தி. வசந்தியிடம் சர்வீஸுக்கு விடுகிறேன் என்று சொன்னேன். "சரி, நான் ஆட்டோவில போயிக்கறேன்" என்றாள். ஏன் இப்போது என்றுகூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பத்து மணிக்கு நிமாய் வந்து வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"கேஸ்கெட் இடத்துல ஒரு சொட்டுக்கூட ஒழுகலை, இப்பதான் பார்த்தேன்" என்றார். "இப்ப என்ன வாசனை வருது ரங்கா-தா?"

நான் வாயைத் திறந்தேன். ரப்பர் என்று சொல்லலாம், கிளட்ச் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவர் அதை நம்பி அந்த இடத்தைப் பிரிப்பார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வசந்தி அந்த ஸ்கேன் குழாய்க்குள் தனியாகப் படுத்திருப்பாள்.

"எனக்குத் தெரியாது நிமாய்."

"என்ன தெரியாது?"

"வாசனையே தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எதுவும் தெரியாது."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "அப்ப அன்னிக்கு ஆயில்னு சொன்னது?"

"கறையைக் கண்ணால பார்த்துச் சொன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது போல. பிறகு, "பௌதி சரியாத்தான் சொன்னாங்க. சுவிட்ச் போர்டு, ஜாம்ல நின்னா வருதுன்னு. அவங்க பேச்சைக் கேட்காம உங்க பேச்சைக் கேட்டேனே, என்னைச் சொல்லணும்" என்றார். வண்டியைத் திருப்பிக் கரியாஹாட்டுக்கு விட்டார். மார்க்கெட் பக்கம், கைவண்டியும் பஸ்ஸும் அடைத்துக்கொண்டிருந்த இடமாகப் பார்த்து வரிசையில் போய் நின்றார். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். முன்னால் விர்ரென்று விசிறி ஓடும் சத்தம் கேட்டது. நிமாய் மூக்கை உயர்த்தினார்.

"வந்துடுச்சு" என்றார்.

நானும் மூச்சை இழுத்தேன், பழக்க தோஷம். அவருடைய முகம் சுருங்கியதைத்தான் பார்க்க முடிந்தது. இந்தக் காற்றில்தான் நான் கண்ணை மூடி உட்கார்ந்து, சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஒர்க்‌ஷாப்பில் விஷயம் ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டது. ரேடியேட்டரைக் குளிரவைக்கும் விசிறி இருக்கிறதே, அதற்கு மின்சாரம் போகிற இரண்டு வயர்களும் சேரும் இணைப்பு உருகிப்போயிருந்தது. விசிறியின் மோட்டார் தேய்ந்து திணறியதால் அதிகக் கரண்டை இழுத்திருக்கிறது, இணைப்பில் இருந்த பித்தளை ஊசியும் தளர்ந்துவிட்டதால் அங்கே சூடேறிப் பிளாஸ்டிக் கருகியிருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். குளிர்காலத்தில் நெடுநேரம் ஜாமில் நின்றால்தான் விசிறி சுற்றும். அன்றைக்கு நிமாய் பத்து நிமிஷம் உறுமவிட்டபோது அது சுற்றவே இல்லை.

"பாருங்க" என்று ஒரு வயரைப் பிடித்துக் காட்டினார். மேலுறை உரிந்து செம்பு தெரிந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ரெண்டு வயரும் ஒட்டிக்கிட்டிருக்கும். உள்ள பௌதி உட்கார்ந்திருக்கும்போது பானெட்டுக்கு அடியில தீ."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கருகிய இணைப்பை வெட்டி எடுத்து, வயர்களை நல்ல பகுதிவரைக்கும் குறைத்து, புது இணைப்பை வைத்து ஈயம் பற்றவைத்தார். மேலே உறை போட்டார். மோட்டாரோடு விசிறியையும் மாற்றினார். மறுபடியும் ஜாமுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தோம். மூன்று முறை விசிறி சுற்றியது. மூன்று முறையும் அவர் முகர்ந்து பார்த்து இல்லை என்றார். இந்த முறை நான் முகர்வது போல் நடிக்கவில்லை.

கிளம்பும்போது உருகிய இணைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நிமாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பௌதிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

தெரியவில்லை என்றேன்.

"நான் அன்னிக்கு சரியா பார்க்காம விட்டுட்டேன்னு சொல்லிடுங்க. மெக்கானிக் தப்பு பண்றது ஊர்ல புதுசா என்ன. எனக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு அப்படியா, அந்த மூக்குலதானே பொழைப்பு."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவருடைய பெருந்தன்மையை வைத்து என் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

வசந்தி ஆறு மணிக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதத்தின் மேல் அந்தக் கருகின துண்டை வைத்திருந்தேன்.

"கார்ல இருந்தது. விசிறி வயர் கருகியிருக்கு. ஜாம்ல நின்னா மட்டும் சூடாகுமாம். இப்போ மாத்தியாச்சு." ஒரு நிமிஷம் மென்று விழுங்கினேன். பிறகு சொல்லியேவிட்டேன். "நிமாய் அன்னிக்கு சரியா கவனிக்கலையாம்."

அவள் கைப்பையைக் கீழே வைக்காமலே அந்தத் துண்டை எடுத்து முகர்ந்தாள். "இதேதான்" என்றாள். "இதே வாசனைதான்னா. இதேதான்." நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு முறை முகர்ந்தாள். சிரிப்பும் அழுகையுமாக ஏதோ தொடங்கிய முகம் சட்டென்று நின்றுபோயிற்று. துண்டை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. கருகியதைக் கண்ணால் பார்த்ததால்தான் வாசனை வருகிற மாதிரி இருக்கிறதோ என்று யோசிக்கிறாள். அவளுடைய மூக்கை அவளே நம்ப முடியாதபடி செய்துவிட்டிருந்தேன்.

எழுந்து வந்து அதை என் மூக்கடியில் நீட்டினாள்.

"நீங்க மோந்து பாருங்கோ. இதுல வரதுதானே? நீங்க சொல்லுங்கோ. நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன்."

"வரது" என்று ஒரு வார்த்தை போதும். அது உண்மையும்கூட. வாசனை இருக்கிறது, நிமாய் முகர்ந்திருக்கிறார். அவள் அழுது தீர்த்துவிட்டுக் காபி போடுவாள். நாளைக்கு ஸ்கேனும் வேண்டாம் என்றுவிடுவாள். நானும் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் மதுமிதாவின் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் இனி இந்த வீட்டில் எப்போது எதை முகர்ந்தாலும் அவள் என்னிடம்தான் கொண்டுவருவாள். நான் இல்லை என்றால் தன் தலைக்குள் கட்டி என்று நினைத்துக்கொள்வாள்.

"எனக்கு ஒண்ணும் வரலை" என்றேன்.

அவள் முகம் விழுந்த விதத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அன்றைக்குக் காரில் பார்த்த அதே முகம். அவளுக்கு அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். துண்டு கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. "அப்போ எனக்கு..." என்றாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லை! எனக்குத்தான். எனக்கு எதுவுமே வராது வசந்தி. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசனையும் தெரியலை. பதினாலு மாசம் ஆச்சு. உனக்கு வந்ததெல்லாம் நிஜம்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"கரியாஹாட்ல கண்ணை மூடிண்டு உக்காந்தேளே?"

"நடிப்பு."

"நிமாய்கிட்ட ஆயில்னு சொன்னது?"

"கறையைப் பார்த்துச் சொன்னேன். நிமாய் மேல தப்பே இல்லை. இப்போ அவர் மேல போட்டதும் பொய்தான்." பிறகு அதையும் சொன்னேன். "டாக்டர் சீட்டை நேத்திக்குப் பார்த்தேன்."

"நேத்திக்கே பார்த்தேளா?"

"ஆமாம்."

"பார்த்துட்டு ஒரு நாள் பூரா பேசாம இருந்தேள்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மிகவும் மெதுவாகப் பேசினாள்.

"சஹானாவுக்கு எழுதி வச்சிருக்கேன். பெங்களூர்லேர்ந்து வந்து உங்களைப் பார்த்துக்கணுமே, அவளுக்கு என்ன தெரியும்னு. அப்பாவுக்கு ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கணும், வாசனை இல்லேன்னா சாப்பிட மாட்டார்னு எழுதியிருக்கேன்."

மேஜையில் இருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் பின்னாலேயே போனேன், செருப்பு போடக்கூடத் தோன்றவில்லை. அவள் காரில் ஏறி, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு இன்ஜினைப் போட்டாள். நான் இந்தப் பக்கம் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஒரே இடத்தில் நின்று வண்டி உறுமியது. எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மிசஸ் தத்தா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏதாவது ரிப்பேரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கண்ணாடி வழியே வசந்தி அழுவது தெரிந்தது. அக்கா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை அந்தச் சின்ன இடத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தாள். என்னால் தட்டவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. வெகுநேரம் கழித்து முன்னால் விசிறி சுற்ற ஆரம்பித்தது. அவள் அழுகையை நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தாள். ஒரு முறை. இன்னொரு முறை. விசிறி நின்று, மறுபடி சுற்றி, மறுபடி நின்றது. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். காத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"வாசனை இல்லை" என்றாள். "நான் சொல்றேன்."

தலையை ஆட்டினேன்.

"நாளைக்குக் கார்த்தால கிளம்பி வாங்கோ. அந்த சீட்டுல நீங்க சொன்னதுன்னு ஒரு வரி இருக்கு. டாக்டர் எதிர்ல நீங்களே உங்க கையால அதைக் கோடு போட்டு அடிக்கணும்."

"வரேன்."

"என்ன வேலை பண்றேள்னு கேப்பார்" என்றாள் வசந்தி. "அதுக்கும் நிஜத்தைச் சொல்லுங்கோ."

கண்ணாடியை மறுபடியும் ஏற்றிக்கொண்டாள்.